தெரிவு செய்தலும் தெரிவாதலும்: இலங்கைத் தமிழ் மாணவரின் கல்விநெறி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழில் ‘தெரிவு’ என்னுஞ் சொல் இருவேறு நிலைகளைக் குறிக்க வழங்குகின்றது. ஒருவன் தனக்குரிய பாடத்தைத் தெரிவு செய்கிறான் என்கிறோம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான் என்றும் சொல்கிறோம். முன்னையதில் அவன் தெரிபவன், பின்னையதில் தெரியப்படுபவன். கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரணதரப் பெறுபேறு வெளிவந்ததும், கலையா, வர்த்தகமா, உயிரியலா, கணிதமா என்று பதினாறு வயதுப் பிள்ளையை நோக்கி வீட்டார் வினவும்போது, அது முதலாவது பொருளிலான தெரிவென்றே எல்லோரும் எண்ணிக்கொள்கின்றனர். நம் சமூகத்தின் கல்வி வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு அவ்வெண்ணம் ஐயத்துக்குரியதாகவே தோன்றும். பிள்ளை தெரிவு செய்வதற்கு முன்னரே, எவ்வாயில் திறந்துள்ளது, எவ்வாயில் அடைபட்டுள்ளது என்பதைக் கணக்கிட்டுப் பெற்றோர் முடிவு செய்துவிடுகின்றனர். அக்கணக்கு ஒவ்வொரு காலத்திலும் எவ்வாறு போடப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளை மருத்துவராக அல்லது பொறியியலாளராகக் காண விழைவது பற்றிப் பேசாதார் இலர். அது அச்சமூகத்தின் பிறவிக்குணம் என்பது போலவே நண்பரும் பகைவரும் ஒருங்கே பேசுவர். வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. இவ்விழைவுக்கு ஏறத்தாழ மூன்று தலைமுறை வயதே உண்டு. அதற்கு முன்னர் அதே சமூகம் வேறொன்றை விழைந்தது. அதற்கும் முன்னர் மற்றொன்றை விழைந்தது. விழைவுகள் மாறிய விதத்தைப் பார்த்தால், அவற்றை மாற்றியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுமல்லர், பெற்றோருமல்லர் என்பது புலனாகும்.

அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். டானியல் பூவர் அதன் முதல் அதிபராக விளங்கினார். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் என அக்காலத்தில் ஆசியாவிலேயே அரிதாகக் காணக்கூடியதொரு கல்வி அங்கு அளிக்கப்பட்டது. சுதேச மக்களிடையே கிறித்தவ போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குதலே நிறுவியோரின் நோக்கமாகும். வந்து சேர்ந்த மாணவரின் நோக்கம் அதுவன்று. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்கள் ஆங்கிலமறிந்த சுதேசிகளுக்கு அரசாங்க சேவையின் கதவைச் சிறிது திறந்துவிட்டன. கோப்பித் தோட்டங்களின் பெருக்கம் கணக்கரையும் எழுதுவினைஞரையும் வேண்டி நின்றது. செமினரியின் கல்வி பிரசங்க மேடையை நோக்கி வகுக்கப்பட்டிருக்க, கற்றவர்கள் கச்சேரியை நோக்கி நடந்தனர். இம்முரண்பாட்டை மிசன் தலைமைப்பீடம் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலக் கல்வி மாணவரை மிசன் பணியிலிருந்து அகற்றுகின்றது என்ற கருத்து வலுப்பெற, றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் வருகையை அடுத்து 1855 இல் செமினரி மூடப்பட்டது. கல்வி தருவோர் ஒரு பாதையைக் காட்டவும் பெறுவோர் மற்றொரு பாதையிற் செல்லவுமான நிலை நம் நாட்டின் நவீன கல்வியோடு உடன்பிறந்ததாகும். இன்றைய கல்வித் திட்டமிடுவோர் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல் வியப்பது எமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

அச்செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். மற்றவரான கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவரே. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கைப் போக்கு, தொழிற்றெரிவு பற்றிச் சிந்திப்போர் கவனிக்க வேண்டியதொன்று. ஆசிரியராக, பத்திரிகையாசிரியராக, அரசாங்கக் கணக்குத் துறை அலுவலராக, சட்டம் பயின்ற பின் புதுக்கோட்டைச் சமத்தானத்தில் நீதிபதியாக அவர் பணியாற்றினார். இவற்றுள் எதன் பொருட்டும் இன்று அவரை எவரும் நினைப்பதில்லை. ஏடுகளிற் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தவராகவே அவரை அறிகிறோம். அப்பணியை அவருக்கு எப்பரீட்சையும் ஒதுக்கித் தரவில்லை. உத்தியோகம் அவருக்குச் சோறிட்டது. வாழ்நாட் பணி வேறிடத்தில் நடந்தது. அக்காலத்தில் ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது இழுக்காகக் கருதப்படவில்லை என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. பதினாறாம் வயதில் எடுக்கும் முடிவே இறுதி முடிவு என்னும் அச்சம் பிற்காலத்துக்குரியது.

மருத்துவக் கல்வியை எடுத்துக்கொண்டால், அதன் தொடக்கமே நமக்கு ஒரு பாடம். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலேயே இளைஞர் சிலருக்கு மேனாட்டு மருத்துவங் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவரது நிலையமாயிற்று. முதலிற் போதனை ஆங்கிலத்தில் நடைபெற்றது. பயிற்சி முடித்தவர்களோ அரசாங்க வைத்திய சேவையையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடினர். யாருக்காகப் பயிற்றினாரோ அந்தக் கிராமத்தவர்க்கு வைத்தியர் வாய்க்கவில்லை. 1860களில் கிறீன் போதனா மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழிற் பயின்றவன் தமிழ்க் கிராமத்திலேயே தொழில் செய்வான் என்பது அவர் போட்ட கணக்கு. அதற்கென அவர் ஆக்கிய, ஆக்குவித்த நூல்கள் நம் மொழி வரலாற்றின் பெருமைக்குரியன: ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன.

தமிழ் அறிவியல் மொழியின் முன்னோடி என்று கிறீனைப் போற்றுதல் நம்மிடையே மரபாகிவிட்டது. போற்ற வேண்டியதே. ஆயினும் அம்முயற்சியில் மற்றொரு பக்கமும் உண்டு. மாணவன் விரும்பக்கூடிய பாதையை முன்னறிந்து, அப்பாதை அவனுக்கு எட்டாதவாறு கல்வியின் மொழியை அமைத்தல் அது. கிராமத்துக்கு வைத்தியர் தேவை என்பது மறுக்கவியலாத நியாயம்; அத்தேவைக்கு ஓரிளைஞனின் வாழ்வைப் பிணைத்துவிடுதல் தகுமா என்பதும் நியாயமான வினாவே. கிறீன் நாடு திரும்பிய 1873 இற்குப் பின்னர் அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தோன்றிவிட்டது. அதன் சான்றிதழுக்குரிய சம்பளமும் மதிப்பும் தமிழ்ச் சான்றிதழுக்கு இருக்கவில்லை. ஊரின் தேவை ஒருபுறமும் பிள்ளையின் முன்னேற்றம் ஒருபுறமுமாக இழுக்கும் அவ்வினாவை, கஷ்டப் பிரதேசச் சேவை, வைத்தியர் வெளிநாடு செல்லல் என்னும் பெயர்களில் இன்றும் நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

மிசன் கல்விக்கு எதிர்நிலையில் நின்ற ஆறுமுக நாவலரும் இக்கணக்கிலிருந்து விலகி நிற்க இயலவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவியபோது, சமயமுந் தமிழும் பயின்ற சைவப் பிள்ளைகளை உருவாக்குதலே இலட்சியமாயிருந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1872 இல், அவரே சைவாங்கில வித்தியாசாலையொன்றை ஆரம்பித்தார். ஆங்கிலம் வேண்டிய பிள்ளை மிசன் பள்ளியையே நாட வேண்டியிருந்தமை அதற்குக் காரணம். பொருள்வலிமையின்றி அப்பள்ளி சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அவர் எண்ணியது 1890 இல் தோன்றிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலேயே நிலைபெற்றது. சமயம் எதுவாயினும் பிள்ளை சென்றடைய வேண்டிய வாயில் ஒன்றே என்பதை இருசாராரும் ஏற்றுக்கொண்டமைக்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வாயில் ஆங்கிலமூல அரசாங்க உத்தியோகம். கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880 இல் இலங்கையில் நடைபெறத் தொடங்கின; இலண்டன் மற்றிக்குலேசன் அதனைத் தொடர்ந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்று சிவில் சேவையை எட்டியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். பெரும்பான்மையோரின் இலட்சியம் எழுதுவினைஞர் சேவையே. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்னும் யாழ்ப்பாணப் பழமொழி பிறந்த சூழல் இதுவே. பழமொழியிற் கேலி உண்டு; கேலியினடியில் ஒரு கணக்கும் உண்டு. வானம் பார்த்த, கற்பாறை மண்டிய, தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுச் சுருங்கும் காணியை நம்பியிருந்த குடும்பத்துக்கு, மாதந்தவறாத சம்பளமும் ஓய்வூதியமும் எத்தகைய பொருளுடையன என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் புகையிரத, எழுதுவினைஞர் சேவைகளும் இவ்வாயிலின் நீட்சியாயின. பென்சன் பெற்றுத் திரும்பிய ‘மலாயாப் பென்சனியர்’ கட்டிய வீடுகள் குடாநாட்டின் கிராமங்களில் எழுந்து, அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு எவ்விதப் பேச்சுமின்றியே வழிகாட்டின. கலியாணச் சந்தையில் அன்று முதலிடம் பெற்றவர் மருத்துவரல்லர். அரசாங்கக் கிளாக்கரே என்பதைப் பழையோர் நன்கறிவர்.

பெண்களின் நிலை வேறு. 1824 இல் உடுவிலில் மகளிர் விடுதிப் பள்ளி தோன்றியது. ஆயினும் அங்கு பயின்ற பெண்ணுக்குத் திறந்திருந்த தொழில் நெடுங்காலமாக ஆசிரியத் தொழில் ஒன்றே. 1892 இல் இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களை அனுமதிக்கத் தொடங்கிய பின்னரும் அவ்வழிச் சென்ற தமிழ்ப் பெண்கள் மிகச் சிலர். இன்று நம் பல்கலைக்கழகங்களில் மாணவியரே பெரும்பான்மையினர். பொறியியற் பீடங்களில் மட்டும் அவ்வாறில்லை. ‘பெண்பிள்ளைக்கு ரீச்சிங் நல்லது’ என்ற வாக்கியம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் வீடுகளில் ஒலித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு சாட்சி.

பிள்ளையின் ஆற்றலை அறிந்து அதற்கேற்ற பாதையில் விடல் வேண்டும் என்ற கருத்து அரச மட்டத்தில் முதன்முதலாக விரிவாகப் பேசப்பட்டது 1943ஆம் ஆண்டிலேயே எனலாம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை இலவசக் கல்வியின் மூலாவணமாக நினைக்கப்படுகின்றது. அதே அறிக்கை, ஆரம்பக் கல்வி முடிந்ததும் பிள்ளைகளை மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பவும் ஆலோசனை கூறிற்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஏட்டுக் கல்விக்கு ஒருவகை, இடைநிலைக்கு ஒருவகை, செய்முறைக் கல்விக்கு ஒருவகை என்பன அவை. செய்முறைப் பாடசாலை எங்கும் வேரூன்றவில்லை. அதற்கு முன்னர் 1930களில் பேராதனைக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் ஆரம்பமான கிராமியக் கல்வித் திட்டமும், கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்துத் தொழிலுக்கே ஆயத்தஞ் செய்கின்றது என்ற ஐயத்துக்குள்ளாகி மங்கிப்போயிற்று. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது பெற்றோர் எல்லோரும் கேட்டது ஏட்டுக் கல்வியையே. அவர்களைக் குறைகூறுவதற்கு எமக்கு மனமில்லை. திட்டம் வகுத்தோர் தத்தம் பிள்ளைகளைச் செய்முறைப் பாடசாலைக்கு அனுப்ப எண்ணியிருப்பரா என்று அக்காலத்து விவசாயி கேட்டிருந்தால், அக்கேள்விக்கு விடை சொல்வது எளிதாயிருந்திராது.

இனி, மருத்துவ–பொறியியல் விழைவு தோன்றிய காலத்துக்கு வருவோம். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியது. 1950 இல் அதன் பொறியியற் பீடம் கொழும்பில் ஆரம்பித்து, 1964 இல் பேராதனைக்கு வந்தது. 1966 இல் கட்டுபெத்தையில் தொழினுட்பவியற் கல்லூரி எழுந்தது. வாயில்கள் புதிதாகத் திறந்தன என்பது உண்மை. ஆயினும் ஒரு வாயில் திறந்தமை மட்டும் ஒரு சமூகம் முழுவதையும் அதன்பாற் செலுத்திவிடாது. மற்றொரு வாயில் அடைபட வேண்டும். 1956 இன் அரசகரும மொழிச் சட்டம் அதனைச் செய்தது. சிங்கள மொழித் தேர்ச்சியின்றி அரசாங்க நிருவாக, எழுதுவினைஞர் சேவைகளில் நுழைவதும் உயர்வதும் அரிதாயின. மூன்று தலைமுறையாகப் பிள்ளைகள் சென்ற பாதை, ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் குறுகிப்போனது. மொழித்தேர்ச்சியிலும் தொழிற்றேர்ச்சியே முக்கியமாகக் கொள்ளப்படும் துறைகள் எவை என்று பெற்றோர் தேடினர். நோயாளியின் நாடியும் பாலத்தின் பாரமும் அரசகரும மொழியை அறியா. வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் தகைமைகள் அவை என்பதும் அக்கணக்கிற் சேர்ந்தது.

இவ்வாறு கணக்கிட்ட சமூகத்திடம் அதற்கேற்ற கருவிகளும் இருந்தன. மிசன் கல்லூரிகளும் இந்துக் கல்லூரிகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு அமைத்த ஆய்வுகூடங்களும், கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த திறமைமிக்க ஆசிரியர்களும் குடாநாட்டில் நிறைந்திருந்தனர். தீவின் பிற கிராமப்புறங்களில், சிங்களக் கிராமங்களிலும் மட்டக்களப்பு, மன்னார், வன்னிக் கிராமங்களிலும் ஒருங்கே, உயர்தர விஞ்ஞான வகுப்பென்பது காண்டற்கரிய பொருளாயிருந்தது. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு அடுத்துவந்த தசாப்தத்தின் துயரத்தை எழுதுவது நேர்மையாகாது.

1970 இல் பல்கலைக்கழக அனுமதிக்கெனப் போதனா மொழிவாரியாக வேறுபட்ட ஆகக்குறைந்த புள்ளிகள் விதிக்கப்பட்டன. நான்கு பாடங்களுக்குரிய 400 புள்ளிகளில், மருத்துவ பீடத்தில் நுழையத் தமிழ்மொழி மூல மாணவன் 250 புள்ளி பெற வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதுமாயிற்று. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974 இல் மாவட்டப் பங்கீடு என முறைகள் ஆண்டுதோறும் மாறின. விஞ்ஞான அடிப்படையிலான கற்கைநெறிகளில் 1970 இல் 35 வீதமளவாயிருந்த தமிழர் பங்கு 1975 இல் 19 வீதமளவுக்கு வீழ்ந்தது. கிராமப்புற மாணவனுக்கு வழிசெய்தல் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதியவனை அவன் எழுதிய மொழியால் அளந்தமை நியாயமாகாது. இவ்விரு கூற்றுகளையும் ஒருங்கே சொல்லத் துணிந்தோர் அக்காலத்தில் இருசாராரிடையேயும் மிகக் குறைவு. மாவட்டப் பங்கீட்டினால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கோ அது ஒரு வாய்ப்பாயிற்று. 1979 முதல் 30 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என வகுக்கப்பட்டபோது, மன்னார், முல்லைத்தீவு போன்ற மாவட்டங்களின் பிள்ளைகள் முன்னெப்போதுமில்லாதவாறு மருத்துவ பீடங்களை எட்டினர். தரப்படுத்தலைப் பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து எழுதப்பட்டவற்றிற் பெரும்பாலானவை இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

புள்ளிவிபரங்களுக்கு அப்பால், நம் பொருளுக்கு நெருக்கமானதொன்று அக்காலத்தில் நிகழ்ந்தது. அதுவரை உயர்தரப் பரீட்சையிற் தவறியவன் மறுமுறை எழுதுவான். அன்றேல் ஆசிரியனாவான், கூட்டுறவுச் சங்க முகாமையாளனாவான். தோல்வி அவனுடையது. 1970 இற்குப் பின், 240 புள்ளி பெற்று வீட்டிலிருந்தவன் தான் தோற்றதாகக் கருதவில்லை. தெரியப்படாமையைத் தன் ஆற்றற்குறைவாக அன்றித் தனக்கிழைக்கப்பட்ட அநீதியாக ஒரு தலைமுறை உணர்ந்தது. அவ்வாண்டிலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றியதும், அதன்பின் நிகழ்ந்தவையும் வாசகர் அறிந்தனவே. கல்விநெறித் தெரிவென்பது ஒரு வீட்டின் உள்விவகாரம் என்று கருதுவோர், அது ஒரு நாட்டின் போக்கையே மாற்றிய இடத்தை இங்கே காணலாம். இன்னொரு விளைவும் உண்டு. எட்டாதவாறு உயர்த்தப்பட்ட கனியின் மதிப்பு பெருகிற்று. 1960களில் ஒரு விவேகமான கணக்காயிருந்த மருத்துவமும் பொறியியலும், 1970களின் இறுதியில் சமூக மானத்தின் அடையாளங்களாகிவிட்டன. கணக்கை மாற்றலாம், மானத்தை மாற்றுதல் அரிது. ஊர்தோறும் தனியார் கல்வி நிலையங்கள் பெருகியமையும், இரண்டாம் மூன்றாம் முறை பரீட்சை எழுதுதல் வழக்காகியமையும் இதன் விளைவுகளே.

மலையகத்தைப் பற்றி இங்கு ஒரு சொல்லேனும் கூறாவிடின் இவ்வரலாறு குறையுடையதாகும். குடாநாட்டுப் பிள்ளை எவ்வாயிலில் நுழைவது என்று தடுமாறிய காலத்தில், தோட்டத்துப் பிள்ளைக்கு வாயிலென்று ஒன்று இருக்கவில்லை. தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியிருந்தது. 1970களின் நடுப்பகுதியிலேயே அப்பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று. மாவட்டப் பங்கீடு மக்கட்டொகையை அடிப்படையாகக் கொண்டபோதும், நுவரெலியாவின் தொகையில் எண்ணப்பட்ட தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு விஞ்ஞான வகுப்பு எட்டாத தூரத்திலேயே இருந்தது. அங்கு ஆசிரிய நியமனமே இளைஞர்க்குக் கிடைத்த முதற்பெரும் வாயிலாயமைந்து, நெடுங்காலம் ஒரே வாயிலாகவும் நின்றது.

பாடசாலையையும் தொழிலையும் இணைக்க அரசு மேற்கொண்ட மிகத் துணிச்சலான முயற்சியும் இக்கொந்தளிப்பான காலத்துக்கே உரியது. 1971 ஏப்ரலிற் கற்ற இளைஞர் ஆயுதமேந்திய கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் நாட்டிலிருந்த வேலைவாய்ப்புகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையை எடுத்துரைத்தது. 1972 இன் சீர்திருத்தம் சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகளை நீக்கி, தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தை ஏற்படுத்தியதோடு, ஆறாம் வகுப்பு முதல் தொழின்முன்னிலைப் பாடங்களையும் புகுத்தியது. அந்தந்தப் பிரதேசத்துத் தொழிலைப் பிள்ளை பள்ளியிலேயே பயில வேண்டும் என்பது கருத்து. கற்பிக்க ஆசிரியரில்லை, கருவிகளில்லை, பெற்றோர்க்கு நம்பிக்கையுமில்லை. தோட்டஞ் செய்யக் கற்பதற்கா பள்ளிக்கூடம் அனுப்பினோம் என்ற குரல், ஹந்தெஸ்ஸவின் காலத்தில் எழுந்ததைப் போன்றே மீண்டும் எழுந்தது. 1977 இன் ஆட்சிமாற்றத்தோடு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. ‘பட்டச் சான்றிதழ் நோய்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1976 இல் ரொனால்ட் டோர் வெளியிட்ட நூல், இலங்கையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நோய் சான்றிதழிலா, சான்றிதழையன்றி வேறெதற்கும் நியாயமான கூலி கொடாத சந்தையிலா என்பது விவாதத்துக்குரியது. தச்சனின் வருமானமும் மதிப்பும் எழுதுவினைஞனுடையவற்றை ஒத்திருந்தால், தொழின்முன்னிலைப் பாடத்துக்கு எந்தப் பிரசாரமும் தேவைப்பட்டிராது.

1983 முதல் 2009 வரையான யுத்தகாலத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்க இடமில்லை. அக்காலத்தில் வெளிநாடு செல்லல் என்பதே ஒரு கல்விநெறியாயிற்று எனச் சொல்லி அமையலாம். யாழ்ப்பாணத்தில் 1974 இல் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாகியதும், மட்டக்களப்பில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகியதும் அவ்விடரினூடாகவும் வாயில்களைத் திறந்து வைத்திருந்தன. பின்னர் அனுமதி விகிதம் 40, 55, 5 என மாறியது. 2001 முதல் மொத்தப் புள்ளியின் இடத்தை இசட் புள்ளி பிடித்தது. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு புதிதாகச் சேர்ந்தது.

நம் சங்கத்து மாணவர் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால், அயல்வீட்டுப் பெற்றோர் தம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து ஆலோசனை கேட்பது வழக்கம். பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்று ஒருவர் இருப்பினும், பல்கலைக்கழகத்திற் பயிலும் அண்ணனின் அல்லது அக்காவின் சொல்லுக்கே வீடுகளில் மதிப்பு அதிகம். அப்போது நாம் கூறும் விடையை உற்றுநோக்கினால், அது பெரும்பாலும் வாயில்களின் நிலவரமாகவே இருக்கும்: எதற்குப் போட்டி குறைவு, எதற்கு வேலை உண்டு, எம்மாவட்டத்துக்கு எத்தனை இடம். இந்நிலவரம் பயனற்றதென்று சொல்ல வரவில்லை. அதனை அறியாது பிள்ளையை விடுவது கொடுமை. 1956 இல் வாயிலடைபட்டதை உணர்ந்து திசைமாற்றிய பெற்றோர் தம் பிள்ளைகளைக் காப்பாற்றினர். ஆனால் அவர்கள் ஒரு காலத்துக்கெனப் போட்ட கணக்கை, நிலைமை மாறிய பின்னரும் விடைமாறாத வாய்பாடாக நாம் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கேட்ட கேள்வியை இன்றைய நிலைமையில் மீண்டுங் கேட்பதே அவர்களைப் பின்பற்றுவதாகும். பிள்ளையிடங் கேட்க வேண்டிய கேள்விகளோ எளியவை: எப்பாடத்தைப் பரீட்சையில்லாத நாளிலும் எடுத்துப் படிக்கிறாய்? எவ்வேலையைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை? உனக்குத் தெரிந்தவர்களில் எவருடைய நாளாந்த வாழ்வைப் போல் உன் வாழ்வும் அமைய வேண்டுமென்று விரும்புகிறாய்? இவற்றைக் கேட்டவர்கள் நம்முள் எத்தனை பேர்?

உயர்தரப் பெறுபேறு வந்தபின் மாணவன் நிரப்பும் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில், கற்கைநெறிகளை விருப்பொழுங்கில் எழுதும்படி ஒரு பகுதி உண்டு. நமது கல்வி முறையில் ‘விருப்பம்’ என்ற சொல் பிள்ளையை நோக்கி வெளிப்படையாக உச்சரிக்கப்படும் இடம் அநேகமாக அது ஒன்றே. உயிரியற் பிரிவு மாணவர் அதனை நிரப்புவதைப் பார்த்தோர் அறிவர்: ஒரு கையில் பேனா, மறுகையில் கடந்த ஆண்டின் மாவட்ட வெட்டுப்புள்ளி அட்டவணை. மருத்துவம் முதலாவது, பல் மருத்துவம் இரண்டாவது, கால்நடை மருத்துவம் மூன்றாவது என அட்டவணையில் எவ்வொழுங்கில் புள்ளி இறங்குகின்றதோ, அவ்வொழுங்கிலேயே விருப்பமும் கீழிறங்கி வருகின்றது.